கள்ளில் பிறந்த புளிப்பு மாவு

ஆடி 9, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். மாவு நேரத்துக்கு முன்பே பொங்கிவிட்டது. கோதுமை, கேழ்வரகு, கம்பு, ஊறவைத்த ஓட்ஸ். மணல் கொட்டிச் சூடாக்கிய அண்டாவில் ஆறு ரொட்டி சுட்டேன். ஒன்று அடி தீய்ந்தது, அது எங்களுக்கு. ஓட்ஸ் டின் ஒன்றுதான் பாக்கி. அரக்கோணம் போக வேண்டும்.

பத்து மணிக்கு ஏகாம்பரம் கடைக்கு வந்தார். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருப்பவர். சர்க்கரை வியாதி. மாசியிலிருந்து ராத்திரிக்கு என் ரொட்டிதான். போன வருஷம் காலில் புண் வந்து, காலையே வெட்டி எடுக்க வேண்டும் என்றார்களாம். புண் ஆறினால் ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கோயிலில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். ஆறிவிட்டது. ஆடி ஒன்றாம் தேதி மாலை போட்டு விரதம்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏன் நைனா, உன் ரொட்டில கள்ளு ஊத்துறியாமே? கண்டிகை டீக்கடைல பேசிக்கினு கீறானுங்க."

"கோதுமை, கேவுரு, கம்பு, ஓட்ஸ், உப்பு. அவ்ளோதாங்க."

"அப்ப இன்னா பயம்? திங்கக்கெழம மலைக்கு வா. கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிடு."

ஆங் என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை.

ஆடி 10, வெள்ளி

இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன். ரொட்டியில் கள் ஊற்றுவதில்லை. ஆனால் புளிப்பு மாவு பிறந்ததே கள்ளில்தான். தை மாதம் வெறும் மாவும் தண்ணீரும் வைத்து மூன்று முறை நாறிப்போனது. என் மனைவி சரோஜாவின் தம்பி முனுசாமி நகரிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டில் கள் கொண்டுவந்தான். ஒரு கரண்டி விட்டேன். மறுநாளே நுரை. அன்றுமுதல் தினம் பாதி எடுத்து ரொட்டி, மீதிக்குப் புது மாவு. அதேதான் இன்றுவரை ஓடுகிறது. கேட்டவர்களிடமெல்லாம் "தானாப் புளிச்சது" என்றே சொல்லி விற்றேன்.

இது தெரிந்த வெளியாள் முனுசாமிதான். அவனைப் பிடித்தேன்.

"தமாசுக்கு சொன்னேன் பாவா. எங்க பாவா ரொட்டிய துன்னா போதையே ஏறும்னு..."

"அந்த மனுசன் மாலை போட்டுகினு கீறாருடா!"

சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்த இடத்தையே.

சொம்பில் கம்பு மாவும் தண்ணீரும் புதிதாகக் கரைத்து வைத்தேன். கள் இல்லாமல்.

ஆடி 11, சனி

புது மாவு அசையவில்லை. மேலே தண்ணீர் நிற்கிறது.

வராதவர்கள்: போஸ்ட்மாஸ்டர், வாத்தியார் வீடு, நெய்க்காரம்மா. கம்பவுண்டர் மட்டும் வந்தார். ரொட்டியை மோந்து பார்த்துவிட்டு வாங்கினார்.

சவரம் செய்யும்போது ஒரு வாக்கியம் பிடிபட்டது. 'நீங்க மாலை போட்ட நாள்லருந்து ஒரு சொட்டு கள்ளு இந்த மாவுல விடல.' அத்தனையும் நிஜம். கண்ணாடியில் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது.

சரோஜாவின் காதில் விழுந்துவிட்டது. "இந்த யாவாரத்த ஏகாம்பரத்துகிட்ட பண்ணுங்க. மேல கீறவருகிட்டயுமா?"

ஆடி 12, ஞாயிறு

மழை வருவதுபோல் வந்து போய்விட்டது. சொம்பைத் திறந்தால் செத்த எலி வாடை. முருங்கை மரத்தடியில் கொட்டினேன். இன்று ரொட்டி சுடவில்லை.

சொன்னால் அவர் விரதம் கெட்டது என்று ஆகும். அந்தக் காலுக்காக எடுத்த விரதம். சொல்லாவிட்டால் நிம்மதியாகக் காவடி எடுப்பார், எனக்கும் கடை பிழைக்கும். இப்படியே ராத்திரிவரை எனக்குச் சாதகமாகவே யோசனை ஓடுகிறது. அதுதான் சந்தேகமாக இருக்கிறது.



ஆடி 13, திங்கள்

மலைமேல் நல்ல காற்று. ஏகாம்பரம் இடது காலை ஊன்றி ஊன்றி ஏறினார். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே பின்னால் நான்.

மேலே போய்க் கல்மேல் கற்பூரம் ஏற்றினார். "ஆங், சொல்லு."

வாக்கியம் தயார். கையையும் நீட்டினேன். சொல்ல வரவில்லை. பாட்டில், கரண்டி, தை மாதம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். யாரும் அணைக்காமல் கற்பூரம் தானே எரிந்து தீர்ந்தது.

"நான் மாலை போட்ட அன்னிக்கு ஏன் சொல்லல?"

"யாவாரம் பூடும்னுதாங்க."

பூக்காரியிடம் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் வாங்கினார். தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டினார். வெள்ளை வந்தால் விரதம் கெடவில்லை, காவடி உண்டு. சிவப்பு வந்தால் மாலையைக் கழற்றிவிட்டு இறங்குவது. இரண்டையும் சந்நிதியில் வைத்து, பூக்காரியின் சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார்.

குழந்தை ஒன்றைத் தொட்டது, விட்டது, மற்றதை எடுத்தது. அவர் அதை வாங்கினார், பிரிக்கவில்லை. என்னிடம் நீட்டினார். நான்தான் பிரித்தேன்.

வெள்ளை.

கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கன்னத்தில் தண்ணீர்.

"தப்பிச்சோம்ங்க" என்றேன்.

"நான் தப்பிச்சேன். சாமி ஒத்துகினாரு, அது அவரு பெரிய மனசு. எனக்கு அவ்ளோ மனசு இல்ல நைனா. இனிமே ரொட்டி அனுப்பாத."

இறங்கிப் போனார். அவர் கண்ணில் படாமல் இறங்கலாம் என்று நான் கொஞ்சம் நின்றேன்.

ஆடி 14, செவ்வாய்

வெயில். பழைய மாவிலேயே ஆறு ரொட்டி. கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது என்று முடிவு.

முதலில் கம்பவுண்டர். சொன்னேன். கையில் எடுத்த ரொட்டியைப் பலகையில் திரும்ப வைத்தார்.

"கிருத்திகை போவட்டும் நைனா. அப்பறமா பாக்கலாம்."