பார்த்தும் காணாத கார்க்காரி

யேசு மரி சூசை

லாசால், மொன்றியல்
யூன் 18

அன்புள்ள மகள் ஜெயனிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் முழங்கால் நோவைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுகம், வன்கூவரில் நீயும் உன்னுடைய அந்த இரண்டு சில்லுப் பிசாசும் விழாமல் முறியாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போன் இருக்கக் கடதாசி எதற்கு என்று யோசிப்பாய். போனில் நான் மோட்டார் சைக்கிள் என்று வாய் திறந்தால் "அம்மா, பேந்து கதைக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய், கடதாசியை அப்படி வைக்க முடியாதுதானே, வைத்தாலும் மேசையில் கிடந்து என்னைப்போல உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதுகிறேன், பிழை கண்டால் நீயே திருத்தி வாசி, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பரிசு வாங்கினவள் நீதானே. கத்தரின் அன்ரிக்குப் பேரன் பிறந்திருக்கிறான், மூக்கு அப்படியே தகப்பன் றொக்சனுடையது, பாவம் பிள்ளை. அப்பாவுக்குத் தோள் நோ, கார் ஓடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார், ஆகவே சித்திரையிலிருந்து இந்த வீட்டுச் சாரதி நான்தான். நாலாம் தரம் ஓடிக் காட்டி லைசென்ஸ் எடுத்த சாரதி என்று நீ சிரிப்பது கேட்கிறது. சிரி. இனிமேல் சொல்லப்போவதற்குச் சிரிக்க மாட்டாய்.

போன கிழமைக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்து வருகிறோம், நல்ல வெயில், எனக்கு அருமையான சந்தோசம், சுவாமியார் பிரசங்கத்தில் மூன்றுதரம் கொட்டாவி விட்டதை அப்பாவுக்கு நடித்துக் காட்டிக்கொண்டு ஓடுகிறேன். நியூமன் றோட்டில் கடைக்குள்ளே போக இடப்பக்கம் திருப்ப வேண்டும். காரை இடப்பக்கம் சரித்து நின்றேன், எதிரே பார்த்தேன், ஒரு வெள்ளைக் கார் வெகு தூரத்தில் வந்தது, மற்றப்படி வெறும் றோட். அப்பாவும் எட்டிப் பார்த்து "போ மாக்கிரட், ஒண்டும் வரேல்லை" என்றார். திருப்பினேன். பிள்ளை, அந்த வெறும் றோட்டுக்குள்ளிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஆகாயத்திலிருந்து விழுந்ததுபோல. ரயர் கத்தின சத்தம் கேட்டது, அந்த மனிதர் சரிந்தார், சைக்கிள் தனியே அவர் தனியே இழுபட்டு வந்து, சைக்கிள் அப்பாவின் பக்கக் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அப்பா "இறங்கு, இறங்கு" என்கிறார், தான் இறங்கவில்லை, பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் எழும்பினார், மாதாவுக்குத் தோத்திரம். வெள்ளைத் தாடி வைத்த ஒரு கிழவர், பெயர் ஜில். தடித்த தோல் சட்டை போட்டிருந்தபடியால் தோல் சட்டைக்குத்தான் காயம், மணிக்கட்டு மட்டும் வீங்கியிருந்தது. ஏசுவார் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ பிரெஞ்சில் சொன்னார், அப்பா பேக்கரி வேலையில் பொறுக்கின தன்னுடைய பிரெஞ்சில் கேட்டு எனக்குச் சொன்னார், "நான் உங்கடை கண்ணைப் பாத்தனான், நீங்களும் என்ரை கண்ணைப் பாத்தனீங்கள், கண்டிட்டீங்கள் எண்டுதானே வந்தனான்" என்றாராம். ஜெயனி, நான் அந்த மனிதரின் முகத்துக்கு நேரே பார்த்திருக்கிறேன். பார்த்தும் காணவில்லை. அதுதான் என்னை நித்திரையில் எழுப்புகிறது. குடிக்கவில்லை, போன் பார்க்கவில்லை, கெதியாக ஓடவில்லை, இரண்டு பேர் நாலு கண்ணால் பார்த்தோம்.

பொலிஸ்காரன் வந்து தண்டத் துண்டு எழுதினான், பிழை என்னுடையதுதான், ஒத்துக்கொண்டேன். பிறகு காருக்குள் குனிந்து பார்த்து அப்பாவிடம் ஏதோ கேட்டான், அப்பாவுக்கு முகம் கறுத்துப் போயிற்று. இது காரா கோயிலா என்று கேட்டானாம். உனக்குத் தெரியும்தானே என் கண்ணாடியில் தொங்குகிறதெல்லாம், மடு மாதா படம், செபமாலை இரண்டு, குருத்தோலைச் சிலுவை, சூசையப்பர் மலையில் வாங்கின பதக்கம். வீட்டுக்கு வந்ததும் கார் நிறுத்துகிற இடத்தில் நான் ஆசனத்தில் இருந்துகொண்டு அப்பாவை அந்தக் கிழவர் வந்த பக்கமாகத் தள்ளிப் போய் நிற்கச் சொன்னேன். நின்றார். அவ்வளவு பெரிய வயிற்றோடு ஒரு மனிதர் நிற்கிறார், எனக்குத் தெரியவில்லை, மாதாவுக்குப் பின்னால் மறைந்து போனார். கொஞ்சம் தலையைச் சரித்தேன், வந்தார். நேராக்கினேன், காணோம். பகிடியாக இருந்திருக்க வேண்டும், நான் அழுதுவிட்டேன். மாதாவைக் குறை சொல்ல மாட்டேன், அவவைக் கொண்டுவந்து என் கண்ணுக்கு முன்னால் கட்டினது நான். எல்லாவற்றையும் அவிழ்த்துப் பைக்குள் வைத்துவிட்டேன். உனக்கும் பங்குனியில் ஒரு படத்துக்கு நூல் கோத்து அனுப்பி சைக்கிள் கண்ணாடியில் கட்டு, கட்டாவிட்டால் பேசமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேனே, அதை இன்றைக்கே அவிழ். சட்டையின் உள் பொக்கற்றுக்குள் வை, மாதா அங்கேயிருந்தும் பார்ப்பா, நீ கண்ணாடியில் பின்னால் வாறவனைப் பார்.

புதன்கிழமை அந்தக் கிழவர் வீட்டுக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். அவர் மனைவி கதவைத் திறந்தா, தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. சரிதானே, நானாக இருந்தால் கதவே திறந்திருக்க மாட்டேன். என் மகளும் மோட்டார் சைக்கிள் ஓடுகிறாள், எப்படி உயிரோடு இருக்கிறதென்று சொல்லித் தாங்கோ என்று அப்பாவைக் கேட்கச் சொன்னேன். அவர் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் மேசையில் வைத்தார், உப்பு காராம், மிளகு நீயாம். நாற்பது வருசமாக ஓடுகிறாராம், தானும் அன்றைக்குப் பிழை விட்டாராம், என் கண்ணை நம்பினது பிழையாம். கண் பொய் சொல்லும், முன் சில்லுப் பொய் சொல்லாது, திருப்புகிற காரின் முன் சில்லைப் பார், அது ஒரு விரற்கடை உருண்டாலும் அந்தக் கார் உனக்கு மேலே வருகிறது என்று நினை என்றார். சந்தி வருமுன்னமே கெதியைக் குறைத்து இரண்டு விரல் பிரேக்கில் இருக்க வேணுமாம். முன்னால் போகிற காரின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுகிறவரின் முகம் உனக்குத் தெரியாவிட்டால் அவருக்கு நீ உலகத்திலேயே இல்லை, அந்த இடத்தில் இழுபடாதே, ஒன்றில் முந்து, இல்லாவிட்டால் பின்னுக்கு நில். பெரிய லொறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் எதிரே திருப்ப நிற்கிறவருக்கு லொறிதான் தெரியும், லொறி போனதும் அவர் திருப்புவார், நீ அங்கே இருப்பாய். சிவப்பு லைற்றில் நிற்கும்போதும் பின்கண்ணாடியை விடாதே, பின்னால் வாறவன் நிற்கிறானோ இல்லையோ தெரியாது, விலகிப் போக ஒரு வழி வைத்துக்கொண்டு நில். உங்கள் ஊரில் எந்நேரமும் மழை என்கிறாய், றோட்டில் போட்ட வெள்ளைக் கோடும் சாக்கடை இரும்பு மூடியும் நனைந்திருக்க அவற்றின் மேல் பிரேக் பிடித்தால் சவர்க்காரத்தில் கால் வைத்த மாதிரியாம். இங்கே என்றால் பனி வந்து நாலு மாதம் எல்லா மோட்டார் சைக்கிளையும் பூட்டிப்போடும், தாய்மாருக்கு அது ஒரு விடுமுறை. எனக்கு அந்த விடுமுறையும் இல்லை.

சமாதானத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே, இனி அதை விற்றுப்போடு என்று சொல்ல மாட்டேன். அதிகாலை வேலைக்கு பஸ் இல்லை என்று நீ சொன்னது உண்மை, அதை நான் பகிடி பண்ணினது பிழை. இவ்வளவு நாளும் உன்னை இடிக்கப்போகிறவன் குடிகாரன், காவாலி, ரேஸ் ஓடுகிற பொடியன் என்று நினைத்துப் பயந்தேன், அவர்களைத் தூரத்திலேயே கண்டு விலகலாம் என்று ஒரு ஆறுதலும் இருந்தது. இப்போது தெரியும், அவன் இல்லை. பூசைக்குப் போய் நன்மை அப்பம் எடுத்துவிட்டுப் புருசனோடு சிரித்துக்கொண்டு மெதுவாக வருகிற என்னைப்போல ஒரு மனுசி. அவளை உனக்கு எப்படிக் காட்டித் தருவேன், எல்லாக் காருக்குள்ளும் அவள் இருக்கிறாள். ஆகவே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வடிவு காட்டாதே, இதோடு வருகிற மஞ்சள் சட்டையைப் போடு. தையல் வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் இருந்து, முதுகிலும் கையிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டி வைத்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். அதில் நீ வாழைப்பழம் மாதிரித்தான் இருப்பாய். இரு.

நான் மூன்று நாள் காரைத் தொடவில்லை, பிறகு அப்பாவை வைத்தியத்துக்குக் கொண்டுபோக வேறு ஆள் இல்லை, ஓடுகிறேன். இடப்பக்கம் திருப்ப வேண்டி வந்தால் நிறுத்தி, "ஜெயனி வாறாளோ" என்று வாய்விட்டுக் கேட்டு, தலையைச் சரித்து இன்னொருதரம் பார்த்துவிட்டுத்தான் திருப்புகிறேன். பின்னால் நிற்கிறவர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள், அடிக்கட்டும். முதல்நாள் அப்பா "விசரி" என்று சிரித்தார். நேற்று நான் கேட்க மறந்துபோய்த் திருப்பப் போனேன், அவர் என் கையைப் பிடித்து "பொறு, பிள்ளை வாறாளோ பார்" என்றார். இங்கே இரண்டு பேர் உன்னைத் தேடித் தேடித்தான் திருப்புகிறோம், மகள். அங்கே ஒருத்தரும் அப்படித் தேட மாட்டார்கள், ஒருத்தருக்கும் நீ தெரியவில்லை என்று நினைத்தே ஓடு.

இறைவனும் மாதாவும் உன் முன்னும் பின்னும் வருவார்களாக. மஞ்சள் சட்டை அளவாக இருக்கிறதோ என்று எழுது, தோள்மூட்டு இறுக்கமென்றால் உள்ளே துணி விட்டுத் தைத்திருக்கிறேன், பிரிக்கலாம். அப்பா முத்தம் சொல்லச் சொன்னார், இரண்டு.

உன்னைக் காணும்வரை கண் பூக்காத
அம்மா மாக்கிரட்