‘வாறன்’ என்ற சொல் ‘வந்துவிட்டார்’ எனப் பதியப்பட்டமை குறித்து

அனுப்புநர்:
திருமதி புஸ்பராணி யோகலிங்கம்,
மூன்றாம் ஒழுங்கை,
லிங்கநகர், திருகோணமலை.

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
கச்சேரி,
திருகோணமலை.

விடயம்: காணாமற்போன என் கணவர் வீடு திரும்பிவிட்டதாகப் பொலிசில் உள்ள பிழையான பதிவைத் திருத்துதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் வீட்டிலிருந்து தையல் வேலை செய்து சீவிப்பவள். பிள்ளைகள் இல்லை. என் கணவர் அருளம்பலம் யோகலிங்கம் துறைமுகக் களஞ்சியமொன்றில் வேலை செய்தவர். 1991ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், காலையில், மீன் வாங்கிவரச் சைக்கிளில் சல்லிக் கிராமத்துக்குப் புறப்பட்டார். அதன் பிறகு அவரை நான் காணவில்லை. வழியிலிருந்த சோதனைச் சாவடியில் அவரை மறித்து வைத்திருந்ததைக் கண்டதாக மீன்காரர் ஒருவர் முதலில் சொன்னார். பிறகு தாம் அப்படிச் சொல்லவேயில்லை என்றார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

2. மறுநாள் பொலிசில் முறைப்பாடு செய்தேன். எழுதிய அலுவலருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். போகும்போது கணவர் என்ன சொன்னார் என்று கேட்டார். “‘வாறன்’ எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்” என்றேன். ஐயா, எங்கள் ஆட்கள் வீட்டைவிட்டு இறங்கும்போது ‘போறன்’ என்று சொல்வதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. சந்திக் கடைக்குப் போகிறவரும் ‘வாறன்’ என்பார். கப்பலேறிப் போகிறவரும் ‘வாறன்’ என்பார். சிங்களத்திலும் போய் வருகிறேன் என்று சொல்லித்தான் விடைபெறுவார்கள் என்று அறிகிறேன். அந்த அலுவலர் ஒரு நிமிடம் தன் வீட்டை நினைத்திருந்தால் விளங்கியிருக்கும். ஆனால் அன்று அங்கே என்னைப்போல் பலர் நின்றோம், அவரும் களைத்துப்போயிருந்தார். சிங்களத்தில் எழுதி நீட்டினார். காட்டிய இடத்தில் ஒப்பமிட்டேன். வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முறைப்பாட்டாளருக்கு விளங்கும் மொழியில் அதை வாசித்துக் காட்டியிருக்க வேண்டும் என்று சட்டத்தரணி ஒருவர் இப்போது சொல்கிறார்.

3. அந்தச் சட்டத்தரணி மூலமே இவ்வருடம் முறைப்பாட்டின் பிரதி கிடைத்தது. எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் மைமூனா என்பவர் கண்டியில் படித்ததால் சிங்களம் வாசிப்பார். அவரைக் கொண்டு வாசிப்பித்தேன். ‘தாம் வருவதாகக் கணவர் அறிவித்துள்ளார்’ என்று நான் சொன்னதாக எழுதியிருந்தது. அதன்கீழ் வேறொருவரின் எழுத்தில், ‘வந்துவிட்டார். விசாரணை முடிவுற்றது’ என்று இருந்தது. மைமூனா பிரதியை மடித்து என்னிடம் தந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அக்கா, அவர் வந்திட்டாரா? எனக்கும் சொல்லேல்லையே” என்று கேட்டார்.

அந்த வேளையில் எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் அது பொய். எழுதியவர் எங்கேயாவது கண்டுதானே எழுதியிருப்பார் என்று நினைத்தேன். திரும்பிப் படலையைப் பார்த்தேன். கோபம் பிறகுதான் வந்தது.

4. ஒவ்வொரு சுற்றிவளைப்புத் தேடுதலிலும் பொலிசார் என் வீட்டை மட்டும் ஏன் இப்படிக் கிளறுகிறார்கள் என்பதும் அன்றுதான் விளங்கியது. அவசரகால ஒழுங்குவிதிகளின்படி வீட்டில் இருப்போரின் பெயர்களைப் பதிந்து கொடுத்திருக்கிறேன். அதில் என் பெயர் மட்டுமே உண்டு. அவர்களுடைய கணக்கிலோ இந்த வீட்டில் இரண்டு பேர். மற்ற ஆள் எங்கே என்று கேட்டு அலுமாரியைத் திறக்கிறார்கள். குசினியில் அடுக்கிய விறகை இறக்கிப் பார்க்கிறார்கள். காணாமற்போனவரை அவர்களும் தேடுகிறார்கள், நானும் தேடுகிறேன். இருந்தும் நாங்கள் ஒரு பக்கத்தில் இல்லை.

5. கொடியில் கிடக்கும் ஆண்பிள்ளையின் சாரம் யாருடையது என்றும் கேட்கிறார்கள். அது அவருடையதுதான். தனியே இருக்கும் பெண்கள் இப்படி ஒரு சாரத்தை நனைத்துக் காயப்போடுவது இங்கே வழக்கம். வீட்டில் ஆண்துணை உண்டு என்று தெருவால் போகிறவர்கள் நினைக்கட்டும் என்பதற்காக. அதை எடுத்துவிட்டால் நான் தனியே இருப்பது ஊருக்குத் தெரியும். விட்டுவைத்தால் அவர் ஒளிந்திருப்பதாக இவர்கள் எழுதுவார்கள். இதற்கு நான் என்ன செய்வது என்று எவரிடமும் கேட்க முடியாமல் இருக்கிறேன்.

6. துணி தைக்கக் கொடுப்பவர்கள் இப்போது படலைக்கு வெளியே நின்றபடியே கொடுக்கிறார்கள். அளவெடுக்க உள்ளே வரச் சொன்னால் பழைய சட்டையை அளவுக்குத் தருகிறார்கள். கலியாண வீடுகளுக்கு எனக்குச் சொல்வதில்லை. செத்த வீட்டுக்குப் போனால் என்னை எந்தப் பெண்களோடு இருத்துவது என்று வீட்டுக்காரருக்கே தெரிவதில்லை. நான் பொட்டு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு வேறெங்கோ பார்க்கிறார்கள். மைமூனாவைத் தவிர என்னோடு இருந்து கதைப்பார் இல்லை. அவரும் அடுத்த மாதம் கிண்ணியாவுக்குப் போய்விடுவார்.

7. எங்கள் கிராம உத்தியோகத்தர் என்மேல் இரக்கம் கொண்டு ஒரு வழி சொன்னார். காணாமற்போய் ஒரு வருடத்துக்கு மேலானவர்களை இறந்தவர்களாகப் பதிய இடமளிக்கும் புதிய சட்டம் வந்திருக்கிறது என்றும், அதன்படி மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டால் பொலிசார் பெயரை நீக்கிவிடுவார்கள், பிறகு கரைச்சல் இல்லை என்றும் சொன்னார். அந்தச் சட்டத்தால் பலருக்கு நன்மை உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு, என் கணவர் இறந்துவிட்டதாக நான் நம்புகிறேன் என்று ஒப்பமிட வேண்டும். விளங்காத மொழியில் ஒருமுறை ஒப்பமிட்டு அவரை வீட்டுக்கு வரவழைத்துவிட்டேன். விளங்குகிற மொழியில் ஒப்பமிட்டு அவரைச் சாகவைக்க என்னால் ஏலாது.

8. ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது யாதெனில், ‘வந்துவிட்டார்’ என்ற பதிவை நீக்கி விசாரணையை மீண்டும் ஆரம்பிக்கப் பணிக்குமாறும், மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்படி என்னை எவரும் நெருக்காதிருக்க ஆவன செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். வந்தவர், இறந்தவர் என்ற இரண்டுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. என் கணவர் இரண்டும் அல்லர். அவர் பெயருக்கு எதிரே ‘இன்னும் வரவில்லை’ என்று எழுதுவித்தால் போதும். அதுவே உண்மை.

9. இன்னுமொன்று. ‘வந்துவிட்டார்’ என்று எழுதிய அலுவலர் இப்போது எங்கே கடமையாற்றினாலும், அவரிடம் ஒருமுறை விசாரித்துப் பார்க்கும்படி மன்றாடுகிறேன். பிழையாக விளங்கி எழுதியிருந்தால் பரவாயில்லை, மன்னித்துவிடுகிறேன். ஒருவேளை அவர் என் கணவரை உண்மையாகவே எங்கேனும் கண்டிருந்தால், அந்த இடத்தை மட்டும் எனக்கு அறியத்தாருங்கள். மேலே கேட்ட எதுவும் எனக்கு வேண்டாம். இந்த மனுவை அன்றே திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

இம்மனுவை நானே தமிழில் எழுதி, முழுவதையும் வாசித்துப் பார்த்த பின்பே ஒப்பமிடுகிறேன்.

இடம்: லிங்கநகர், திருகோணமலை
திகதி: 12.09.1996

(ஒப்பம்)
யோகலிங்கத்தின் மனைவி
புஸ்பராணி