ஒரே கம்பளிக்குள் இரண்டு பாம்புகள்

ஜூன் 4, ஞாயிறு

லினேயோ வந்து இன்றோடு எட்டு நாள். காலையில் அவள் இருமும் சத்தத்தில்தான் விழித்தேன். ஆறு வருடமாக இந்த வீட்டில் என் இருமலை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொருத்தி இருமுவதுகூட ஒரு சந்தோஷம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து என் தங்கை கொண்டுவந்தது ஒரு பை துணி, ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு தலையணை உறை. உறைக்குள் பாம்பு. புருஷன் வீட்டிலிருந்து தனக்கென்று எடுத்துக்கொண்டது அது ஒன்றுதானாம். ஒரு வயதுச் சோளப்பாம்பு, விஷம் கிடையாது, விரல் கனம்கூட இல்லை. துபா என்று கூப்பிடுகிறாள். குச்சி என்று அர்த்தம். என் குன்வானாவும் அதே வகைதான். வயது ஏழு, நாலரை அடி நீளம். செவலைப் பசுவுக்கு நாங்கள் வைக்கும் பேரை அவளுக்கு வைத்தேன், நிறம் அப்படியே இருந்ததால். அக்கா தங்கை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமலே பாம்பு வளர்த்திருக்கிறோம். இதற்கு என்ன அர்த்தம்? சேர்ந்து இருக்க வேண்டியவர்கள் என்பதுதானே?

பக்கத்து வீட்டு மாட்சிடிசோ அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஒண்ணு இருக்கும்போதே போன வருஷம் என் கூரைத் தகரம் பறந்துச்சு. இப்ப ரெண்டா? ஆத்து மடுவுல கெடக்குற பெரிய பாம்பு காஞாபாவுக்குத் தெரிஞ்சா அது எழுந்து வரும், ஊரையே சுருட்டிக்கிட்டுப் போவும்" என்றாள்.

"இவனைப் பாத்தா சூறாவளி வராது பெரியம்மா, ஒரு தும்மல்தான் வரும்" என்றாள் லினேயோ. நான் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

ஜூன் 6, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் கம்பளிக் கடையில் மதியம் ஆள் இல்லை. லெசோத்தோ பக்கத்திலிருந்து பாலம் தாண்டி வருகிறவர்கள் சம்பள நாளுக்குப் பிறகுதான் வருவார்கள். கம்பளிக் கட்டுகளின் மேல் சாய்ந்து கண்ணை மூடினேன். வீட்டுச் சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரே ஒரு சிறிய சூரியன். இரண்டு பாம்புகளும் அதன் கீழே மெதுவாக, மிக மெதுவாகப் பின்னிக்கொண்டிருந்தன. கண்ணாடியில் என் முகமும் தெரிந்தது, லினேயோ முகமும் தெரிந்தது. எது யாருடையது என்று தெரியவில்லை.

முதலாளி வந்து, கட்டிலைத் தட்டி எழுப்புகிற மாதிரி கம்பளிக் கட்டைத் தட்டினார்.

ஜூன் 9, வெள்ளி

கேட்டே விட்டேன். "ரெண்டையும் ஒரே பெட்டியில விட்டா என்ன?"

"கூடாது."

"பாவம், அவன் அந்த டப்பாவுல தனியா கெடக்கான்."

"பாம்புக்குத் துணை வேண்டாம்க்கா. கூட ஒண்ணு இருந்தாலே அதுக்குப் பயம். தீனி எடுக்காது. பெருசு சின்னதைத் தின்னாலும் திங்கும்."

"எல்லாருக்கும் துணை வேணும்டி."

"உனக்கு வேணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கீரை நறுக்கிக்கொண்டே சொன்னாள். பிறகு, வாடகைக்கு எங்கேயாவது ஓர் அறை கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும் என்றாள். புருஷன், மாமியார், மாமியாரின் தங்கை, எல்லோரும் ஒரே அறையில், ஆறு வருடம். ஒரு நாள்கூட உள்ளேயிருந்து கதவைச் சாத்தியதில்லையாம்.

பாப்பாக் களி அடிப்பிடிக்கிறது என்று சொல்லி நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அடிப்பிடிக்கவில்லை.

ஜூன் 12, திங்கள்

லினேயோ ப்ளூம்ஃபான்டைன் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சமையலறை வேலைக்கு ஐந்து நாள் பயிற்சி; தேறினால் இங்கேயே ஊரில் வேலை. டாக்ஸி கிளம்புமுன் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துபாவைத் தனியா வெச்சிரு. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

ஜூன் 13, செவ்வாய்

மின்வெட்டு ஆறாம் கட்டத்துக்குப் போய்விட்டது. காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம். குளிர்காலம் முற்றிவிட்டது, மலை உச்சியில் பனி தெரிகிறது. பாம்புப் பெட்டிக்கு அடியில் வைக்கும் சூட்டுத் தகடு செத்துக் கிடக்கிறது. வெந்நீர் அடைக்க நல்ல போத்தல் ஒன்றுதான் இருக்கிறது, இரண்டாவது ஒழுகுகிறது.

துபாவின் டப்பா மெலிசு. கையால் தொட்டால் ஐஸ். குன்வானாவின் பெட்டி கனத்த பலகை.

சின்ன வயதில் நாங்கள் சண்டை போட்டால் அம்மா இரண்டு பேரையும் ஒரே கம்பளிக்குள் தள்ளி, ஓரத்தைக் காலால் மிதித்துக்கொள்வாள். கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு கிடப்போம். பிறகு கால் மேல் கால் படும், சூடு ஏறும், எதற்குச் சண்டை என்பதே மறந்துபோகும். கல்யாணத்தில்கூடப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரே கம்பளியால் போர்த்தித்தானே சேர்த்துவைக்கிறோம். பதினேழு வருடமாகக் கம்பளி விற்கிறவளுக்கு இது தெரியாதா?

விட்டுவிட்டேன். துபாவை எடுத்துக் குன்வானாவின் பெட்டியில் விட்டு, நடுவில் வெந்நீர்ப் போத்தலை வைத்து, நல்ல சிவப்புக் கம்பளியால் பெட்டி முழுக்க மூடினேன்.

சத்தியம் செய்தது நினைவிருக்கிறது. இருந்தும் செய்தேன்.

ஜூன் 15, வியாழன்

கம்பளியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். குன்வானா போத்தலைச் சுற்றிப் படுத்திருக்கிறாள். அவள் முதுகின் மேல் துபா, ஒரு சுருள், இரண்டு சுருள். ஜன்னல் வெயில் இரண்டின் மேலும் விழுந்தது. எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. எழுந்தபோது கால் மரத்திருந்தது, வெயில் சுவருக்குப் போய்விட்டிருந்தது. கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். இதைப் போய்க் கூடாது என்றாளே!

ஜூன் 17, சனி

லினேயோ வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பிரித்து வைத்தேன். வேலை கிடைத்துவிட்டது அவளுக்கு. அடுத்த மாதம் சேர வேண்டும். என்னைத் தூக்கிச் சுற்றினாள். "நல்லா பாத்துக்கிட்டியே" என்று துபாவின் தலையைத் தடவினாள்.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

ஜூன் 24, சனி

துபா தின்ற சுண்டெலியைக் கக்கிவிட்டான்.

ஜூலை 2, ஞாயிறு

மூச்சு விடும்போது 'டிக்… டிக்…' என்று சத்தம். தலையைத் தூக்கி வாயைத் திறந்தபடி இருக்கிறான். வாயோரம் நுரை. லினேயோ அவனைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் கெடுத்தேன். ஜோஹன்னஸ்பர்க்லேர்ந்து வந்த டாக்ஸியில ஜன்னல் சாத்தலைக்கா. ஆறு மணி நேரம் குளிர்காத்து. எல்லாத்தையும் விட்டுட்டு இவனை மட்டும் தூக்கிட்டு வந்தேன், இவனையும் நானே கொன்னுடுவேன் போல" என்று அழுதாள்.

நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இதே கையால்.

ஜூலை 3, திங்கள்

டாக்டர் லெட்செலா. ஆட்டுக்கும் மாட்டுக்கும் பார்க்கிறவர், பாம்புக்கும் பார்ப்பார். சின்னக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துபாவின் வாயைப் பார்த்தார். நுரையீரலில் சளி. மூன்று நாளுக்கு ஓர் ஊசி, ஏழு ஊசி, வீட்டிலேயே போட வேண்டும். பிழைக்கிறது பாதி, போகிறது பாதி என்றார்.

"வேற பாம்போட சேத்து வெச்சிருந்தீங்களா?"

"இல்லவே இல்லை டாக்டர்" என்றாள் லினேயோ.

நான் சுவரில் ஒட்டியிருந்த செம்மறியாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 4, செவ்வாய்

கனவு. நான் பாறை மேல் கிடக்கிறேன், எனக்குக் கை கால் இல்லை. உடம்புக்குள் சூடு என்பதே இல்லை. வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான். லினேயோ பக்கத்தில் வந்து படுக்கிறாள், அவளும் சில்லென்று இருக்கிறாள். இருவரும் ஒட்டிக்கொண்டு, இரண்டு பேரும் விறைத்து, சூரியன் எழட்டும் என்று காத்திருக்கிறோம். எழவில்லை.

விழித்ததும் அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும். போத்தல், கம்பளி, அந்த ஐந்து நாள், பிரித்து வைத்த அந்த ஒரு மணி நேரம்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஊசிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அவங்க வீட்லயும் என்னை யாரும் கேட்டதில்லை. என் நல்லதுக்குன்னு அவங்களே முடிவு பண்ணிடுவாங்க. நீயுமா?" என்றாள்.

அய்யோ, அடிச்சிருக்கலாமே அவ என்னை. நாலு வார்த்தை வைஞ்சிருக்கலாமே.

"டாக்டர்கிட்ட நீயே போய்ச் சொல்லு. மருந்து மாத்தணுமான்னு கேட்டுட்டு வா. என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லணும், ஒண்ணையும் குறைக்காம."

ஜூலை 5, புதன்

சொன்னேன். இரண்டு விவசாயிகள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "கம்பளி கடையிலதானே வேலை பாக்கறீங்க, கெனெவே?"

"ஆமாம் டாக்டர். பதினேழு வருஷம்."

"கம்பளி சூடு குடுக்குமா?"

"குடுக்கும் டாக்டர். முழுக் கம்பளி. கலப்படம் இல்லை."

பெஞ்சில் ஒருவர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "கம்பளி எதையும் குடுக்காதும்மா. உள்ள இருக்குறவங்க சூட்டை வெளிய விடாது, அவ்வளவுதான். உங்களுக்கும் தங்கச்சிக்கும் உடம்புல சூடு இருக்கு, போத்திக்கிட்டா கதகதன்னு இருக்கும். பாம்புகிட்ட ஏது சூடு? ரெண்டு கல்லைச் சேத்துப் போத்தின மாதிரிதான். இருந்தது ஒரே போத்தல். அதைப் பெருசு புடிச்சுக்கிச்சு. சின்னது அது மேல ஏறினது பாசத்துல இல்லை, போத்தல்கிட்ட போக வழி இல்லாம. அஞ்சு நாள் பயத்துலயும் குளிர்லயும் கெடந்திருக்கு."

மருந்து மாற்ற வேண்டாமாம். குன்வானாவையும் தள்ளி வைத்துக் கவனிக்க வேண்டும். அவளுக்கும் தொற்றியிருக்கலாம்.

பாலம் வரைக்கும் நடந்தேன். அந்த வியாழக்கிழமை வெயிலில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது என்ன, நான் பார்த்ததாக நினைத்தது என்ன? துபா அங்கே விறைத்துக்கொண்டிருந்தான். நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, வியாழன்

இரண்டாவது ஊசி. லினேயோ பிடித்துக்கொண்டாள், நான் போட்டேன். "மெதுவா" என்றாள். இரண்டு நாளில் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை.

ஜூலை 15, சனி

குன்வானாவுக்கு ஒன்றும் இல்லை. துபாவின் சத்தம் குறைந்திருக்கிறது. குறைந்திருக்கிறதா, என் காது ஆசைப்படுகிறதா? லினேயோவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். டப்பாவில் காதை வைத்தாள். நானும் மறுபக்கம் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே இருவரும் இருந்தோம்.

ஜூலை 22, சனி

சுண்டெலியின் குட்டி ஒன்று தின்றான். கக்கவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

லினேயோ தபால் ஆபீஸ் தெருவில் ஓர் அறை பார்த்திருக்கிறாள். ஒரு வீட்டுக்குப் பின்னால் முற்றத்தில் கட்டிய ஒற்றை அறை. பத்து நிமிட நடை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இங்கேயே ஒரு தடுப்பு வைத்துத் தரேன், பெரிய படுக்கையை நீ எடுத்துக்கொள், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது.

"சுவர் ஈரம் இருக்கான்னு பாத்தியா? அவனுக்கு ஆகாது" என்றேன்.

"பாத்தேன். இல்லை."

"அப்ப சரி."

அழுதேன், அவள் போன பிறகு. இல்லை, பொய் எழுதக் கூடாது. அவள் இருக்கும்போதே அழுதேன். அவளும் அழுதாள். ஆனால் போகவில்லை என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

பீச் மரங்கள் பூத்துவிட்டன. லினேயோ சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். வாசலில் நின்று "கோ-கோ" என்று குரல் கொடுத்தேன், விருந்தாளி மாதிரி. உள்ளேயிருந்து "இரு, வரேன்" என்றாள். சீக்கிரம் வரவில்லை. வாசலிலேயே நின்றேன்.

ஓர் அறை, ஒரு படுக்கை, ஒரு நாற்காலி. என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள். ஜன்னலோரம் துபா, புதிய பலகைப் பெட்டியில், தோல் உரித்துப் பளபளவென்று. பாப்பாக் களி, கோழி, பூசணி. கோழியில் உப்பு கொஞ்சம் கூட. சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கிழவர் தினமும் இவளிடம் கூடுதல் கஞ்சி கேட்டுப் பாட்டாகவே பாடுகிறாராம். அவரைப்போலவே பாடிக் காட்டினாள். ரொட்டி சுடுகிற அடுப்படி மாதிரி அந்த அறை கதகதவென்று இருந்தது.

நாலு மணி வாக்கில் கொட்டாவி விட்டாள். "போதும்க்கா, நீ வீட்டுக்குப் போ. நான் கொஞ்சம் தூங்கணும்."

எழுந்தேன். வாசலுக்கு வெளியே வந்ததும் அவள் உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. வருத்தம் வருகிறதா என்று கொஞ்சம் நின்று பார்த்தேன். பிறகு வீட்டுக்கு நடந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறாள்.