நீ எப்படித் தலையாட்டினாய்

லோம்,
மார்ச் 6, வியாழன்.

அன்புள்ள ராட்கோ அண்ணனுக்கு,

யானிதா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். பதினொரு நாளாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால் நாளைய பஸ்ஸில் டிரைவர் ப்ளாமென் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை உன் விடுதிக்கே வந்து தருவதாகச் சொன்னார். இரண்டு பாட்டில் குடமிளகாய்த் துவையலும் கம்பளிக் காலுறையும் வைத்திருக்கிறோம்.

உன் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. செக் மொழி நமக்கெங்கே தெரியும்? அங்கே எட்டு வருஷம் தையல் ஆலையில் வேலை பார்த்த வெலிச்கா அத்தைதான் படித்துச் சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் ஹாவ்ரானெக் சார், மெயினை நிறுத்திவிட்டாயா என்று உன்னைக் கேட்டாராம். நீ தலையை மேலும் கீழும் ஆட்டினாயாம். அவர் கையை வைத்தார், மின்சாரம் தாக்கியது, வலது கை வெந்துவிட்டது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு விசாரணை. அதற்குள் நீ பதில் எழுதித் தராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்களாம். டிப்ளமா முடிய மூன்று மாதம்தானே பாக்கி.

அம்மா முதலில் அழுதாள். மேலும் கீழும் ஆட்டினால் நம் நாட்டில் ‘இல்லை’ என்று அர்த்தம், அவர்கள் நாட்டில் ‘ஆமாம்’ என்று அர்த்தம் என அத்தை விளக்கியதும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

“அப்ப எம் புள்ள இல்லன்னுதானே சொல்லியிருக்கான். புரியாம கைய வெச்சது அந்த ஆளு.”

அத்தை விடவில்லை. “மூணு வருஷமா அவங்களோடயே கெடக்கான் டென்கா. இன்னும் நம்ம மாதிரியேவா ஆட்டுவான்? உம் புள்ள தலை என்ன சர்ச்சு மணியா, ஒரே பக்கமா ஆட?”

அதற்குமேல் அரை மணி நேரம் சண்டை. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பேச வந்திருக்காது.

அண்ணா, போன கோடையில் நீ வந்தபோது, இன்னும் கொஞ்சம் பீன்ஸ் சூப் வேண்டுமா என்று அம்மா கேட்டாள். நீ மேலும் கீழும் ஆட்டினாய். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நீ பசியோடு உட்கார்ந்து சிரித்தாய். சரி, இவனுக்கு இனிமேல் அங்கத்து வழக்கம் என்று அம்மா பழகிக்கொண்டபோது நீ மறுபடி நம் மாதிரி ஆட்ட ஆரம்பித்துவிட்டாய். ஊருக்குப் போகிற அன்று வரைக்கும் இரண்டும் கலந்துதான் இருந்தது. அம்மா அதை மறந்துவிட்டாள். மறக்க விரும்புகிறாளோ என்னவோ.

நேற்று ரொட்டிக் கடையில் மாவு பிசையும்போது இரண்டு விதமாகவும் ஆட்டிப் பார்த்தேன். நீ எந்த நினைப்பில் ஆட்டியிருப்பாய் என்று கண்டுபிடிக்கலாம் என்று. கொஞ்ச நேரத்தில் எனக்கே குழம்பிவிட்டது. ஒரு அம்மாள் வந்து ரொட்டி இன்றைக்குச் சுட்டதா என்று கேட்டார், என்ன ஆட்டினேனோ, வாங்காமல் போய்விட்டார்.

மெயினை நிறுத்தவில்லை என்று சொல்ல நினைத்து ஆட்டினாய் என்றால் நீ உண்மையைத்தான் சொன்னாய். நிறுத்தியாகிவிட்டது என்று பார்க்காமலே ஆட்டினாய் என்றால் அது வேறு. எதுவென்று எனக்குப் புரியவில்லை. உனக்கும் தெரியவில்லை என்பதால்தான் போனை அணைத்துவைத்திருக்கிறாய் என்று தோன்றுகிறது. தப்பாக நினைத்திருந்தால் மன்னித்துவிடு.

பார்சலில் இரண்டு தாள் இருக்கிறது. அம்மா சொல்லச் சொல்ல அத்தை செக்கில் எழுதியது. ஒன்றில், ‘எங்கள் நாட்டு வழக்கப்படி இல்லை என்றுதான் தலையாட்டினேன்’ என்று நீ சொல்வதுபோல இருக்கிறது, நீ கையெழுத்துப் போட்டால் போதும். இன்னொன்றில், ‘என் அண்ணன் எப்போதும் எங்கள் வழக்கப்படி மட்டுமே ஆட்டுவான், நானே பார்த்திருக்கிறேன்’ என்று இருக்கிறது. அதில் என் கையெழுத்து இருக்கிறது. அம்மா இடத்தை விரலால் காட்டிக்கொண்டே நின்றாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போட்டுவிட்டேன். அது பொய், அண்ணா.

எட்டாம் வகுப்போடு நின்றவள் உனக்குப் புத்தி சொல்வதாக நினைக்காதே. என் தாளைக் கிழித்துவிடு. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், எப்படி என்று தெரியவில்லை, ஆனால் சொல்கிறேன். உன் தாளில் இருப்பது உண்மையென்றால் கையெழுத்துப் போடு. நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய் வா. சாருக்குக் கை எப்படி இருக்கிறது என்று கல்லூரிக் கடிதத்தில் இல்லை. இங்கே யாரும் கேட்கவும் இல்லை. விரல்களை மடக்க முடிகிறதா என்று கேட்டு எனக்கு எழுது.

கடவுள் உன் கூடவே இருக்கட்டும். திங்கட்கிழமை அவர்கள் எது கேட்டாலும் வாயைத் திறந்து சொல்.

உன் தங்கை,
யானிதா