தந்தை பெயர் கட்டாயம்

செவ்வாய், தென்பள்ளக் குடியிருப்பு. காலை 6:10
பூங்கொடி எழுதிய தேர்வுகள் எல்லாவற்றையும் விண்கப்பலின் தேர்வுக்குழு அழித்துவிட்டது. முதலில் இதை எழுதுகிறேன். காற்றுச் சுத்திகரிப்பான் திக்கித் திக்கி ஓடுகிறது, அது பிறகு.

நான் திருமலைசாமி. மாணவர் தேர்வுத் தரவுத்தளத்தை வடிவமைத்தவன். பட்டம் கிடையாது, நானாகக் கற்றது. தேறிய பிள்ளைகளுக்கு மட்டும் நாளைக் காலைக் கப்பலில் இடம். பெரியவர்களுக்கு மீட்புக்கலம் பிறகு வருமாம். எங்கள் பிரிவில் நான், சரசாள், அவள் மகள் பூங்கொடி.

காலை 9:40
காரணம் தெரிந்தது. என் வரைவில் மாணவருக்குத் தனி எண் உண்டு. தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. "இனிஷியல் ஒன்றுதானே, தாய் எதற்கு?" என்று குழு வெட்டியது. மாணவரைத் தந்தையின் பதிவு வரிசையோடு கட்டியது. அந்த வரிசை போனால் சார்ந்ததெல்லாம் தானாக அழியும் என்று விதியும் வைத்தது. அப்போதே கத்தினேன்.

போன வாரம் குழாய் வெடித்து பூங்கொடியின் அப்பா மாரப்பன் இறந்தான். அவன் வரிசையை நீக்கினார்கள். மகளும் அவள் மதிப்பெண்ணும் கூடவே போயின.

பகல் 1:15
கப்பலின் பதிவு அலுவலர் நிர்மல்ராஜ் அழைத்தார்.
"ஐயா, பழைய நகலை ஏத்திட்டேன். மார்க் வந்துடுச்சு. மாரப்பனும் வந்துட்டார்."
"வரட்டும்."
"உயிரோட இருக்கார்னு காட்டுது. பொண்ணுக்குக் கப்பல் கதவு திறக்க அவர் கைரேகை கேட்குது. மறுபடி இறந்தவர்னு போட்டா பொண்ணும் அழிஞ்சுடும்."
"அம்மா ரேகை வைப்பாள்."
"அம்மாவுக்குக் கட்டம் இல்லையே ஐயா."
"நான் வச்சிருந்தேன் தம்பி. எடுத்தது யாரு?"


மாலை 5:30
சரசாள் நிர்மல்ராஜிடம் பேசினாள்.
"ஏனுங் சார், அவரைத் தோண்டியெடுத்து விரலை வெக்கோணுங்களா? பெத்தவ நான் நிக்கிறனுங்."
"சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குதும்மா."
"உங்க சிஸ்டத்துக்கு ஆத்தாளே இல்லீங்களா?"
பூங்கொடி குறுக்கே புகுந்தாள்: "விடும்மா. கப்பல்ல சோறு வாயில வெக்க முடியாதாம்."


மறுநாள், காலை 7:05
கப்பல் போய்விட்டது. பூங்கொடியின் இருக்கை காலியாகவே போனது.

பகல் 2:20
சுத்திகரிப்பான் நின்றுவிட்டது. பூங்கொடியை உள்ளறையில் தூங்க வைத்து, மிச்ச ஆக்சிஜனை அங்கே திருப்பிவிட்டோம். அவளுக்குத் தெரியாது. சரசாளும் நானும் வெளியறையில்.

நேரம் சரியாகத் தெரியவில்லை
கண்டெடுப்பவருக்கு.
நிர்மல்ராஜ் அந்தப் பழைய நகலை அழிக்கக் கூடாது. பூங்கொடியின் மதிப்பெண் வேறெங்கும் இல்லை.
குழுத் தலைவர் தாயின் கட்டத்தைத் திரும்ப வைக்க வேண்டும், தானாக அழிக்கும் விதியைத் தன் கையாலேயே எடுக்க வேண்டும்.
மீட்புக்கலம் ஓட்டி வருபவர் முதலில் உள்ளறையைத் திறக்க வேண்டும். எந்த ரேகையும் கேட்க வேண்டாம்.
சரசாளை யாராவது எழுப்ப வேண்டும். நான் கூப்பிட்டுப் பார்த்தேன்.
பூங்கொடியிடம் சொல்ல வேண்டும். அதை யார்