இத்தாலி வீட்டுக்குப் பூ கேட்ட நாள்

அன்றைக்குக் கோயிலில் இருந்தவர்கள்: பூசை செய்த கந்தசாமிப் பண்டாரம், வண்டி ஓட்டிவந்த என் கொழுந்தன் சுப்பிரமணி, அவன் மனைவி பாப்பாத்தி, எங்கள் வீட்டுக்காரர், நான், நீ. வேறு ஒருத்தரும் இல்லை. மாரியம்மன் இருந்தாள் என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலையில் அடுப்பு மேடை துடைக்க வேஸ்ட் துணி மூட்டையை அவிழ்த்தேன். கட்டிங் மேசையில் மிஞ்சும் துண்டுகள்தான். இந்த ஊரில் அது இல்லாத வீடு ஏது? உள்ளேயிருந்து வெளிர்நீலத்தில் ஒரு துண்டு வந்தது. புதுப் பனியன் துணியின் வாசம் இன்னும் அதில் இருந்தது. அன்றைக்குப் பொட்டலம் கட்ட நீ கொண்டுவந்ததும் இதே வெளிர்நீலம். என் கை அப்படியே நின்றுவிட்டது. பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. உன்னிடம் பேசாமல் இன்றைய பொழுது போகாது என்று தெரிந்துபோய், எழுத உட்கார்ந்துவிட்டேன். அஞ்சாவதோடு நின்ற படிப்பு. “மதினி, ஒங்க எழுத்து கோழி கெளறுன மாதிரில்லா இருக்கு” என்று சிரிப்பாய். இப்போது சிரிக்க ஆளில்லை, தைரியமாக எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பையோடு எங்கள் மண்ணரை பனியன் யூனிட்டுக்கு நீ வந்து நின்றது நினைவிருக்கிறது. கழுத்தில் சிலுவை, காலில் அறுந்த செருப்பு. தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் உட்கார வைத்தோம். எங்கள் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்றாய், என்னை மதினி என்றாய். கூடப்பிறந்தவள் இல்லாத எனக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. நான் “ஏனுங்” என்றால் நீயும் “ஏனுங்” என்று இழுத்துக் கேலி செய்வாய். நீ “சொல்லுதேன், பாக்கேன்” என்று பேசும்போது நான் திருப்பிக் கொடுப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு என் பையன் கார்த்தி பைக்கில் வந்தால், உன் தூக்குப்போசியைத்தான் முதலில் திறப்பான்.

அந்தக் கார்த்திதான் போனான். இத்தாலியிலிருந்து நிட்டிங் மெசின் மாட்ட வந்தவர்கள் அவன் வேலையைப் பார்த்துவிட்டுத் தங்கள் கம்பெனிக்கே அழைத்துக்கொண்டு போனார்கள். காண்ட்ராக்ட் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். முடிகிற சமயத்தில் போனில் அதிசயம் சொல்வது போல ஒரு சேதி சொன்னான். அவன் குடியிருக்கும் மலைக்கிராமத்தில் கல்லால் கட்டிய மாடி வீடு ஒன்று விலைக்கு வருகிறதாம். நம் ஊரில் அரை சென்ட் இடம் வாங்கும் காசுக்கு வீடே கிடைக்குமாம்.

அவன் அதிசயமாகச் சொன்னதை எங்கள் வீட்டுக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“அந்த ஊரு எளவட்டமெல்லாம் டவுனுக்குப் போயிட்டாங்களாம். கெழடு கட்டைங்க செத்தா ஊட்டப் பூட்டிப் போட்டர்றாங்க. அதான் மலிவு” என்றார், சந்தையில் நல்ல கன்றாகப் பார்த்துப் பிடித்தவர் மாதிரி. “கம்பெனியும் வெச்சுக்கறேங்குது. ஊட்ட வாங்கிப் போட்டான்னா அங்கயே நின்னுக்குவான்.”

“பெத்த புள்ளைகளே வேண்டாம்னு உட்டுட்டுப் போன ஊட்டுல என்ற பையன் எதுக்குங்க குடியிருக்கோணும்?”

“உனக்கு ஒலகம் அவிநாசிபாளையத்தோட முடிஞ்சுது அம்மிணி.”

“முடியட்டுமுங்க. என்ற பையனும் அதுக்குள்ளயே இருக்கட்டும்.”

சுப்பிரமணி நடுவில் புகுந்தான். “ஏனுங் அண்ணி, ஃபாரின்ல ஊடு இருந்தா நாமெல்லாம் லீவுக்குப் போலாமில்லீங்க?”

“நீ மொதல்ல ஊத்துக்குளியத் தாண்டு, அப்பறம் ஃபாரின் போலாம்” என்றேன். பாப்பாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எப்போதோ என் ரசத்தைத் தண்ணி என்று சொன்னவள் அவள். அதை நான் மறக்கவில்லை என்றாலும் அன்றைக்கு அவள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது.

கார்த்தி கடைசியாகச் சொன்னது இது: “அம்மா செரின்னா வாங்கறேன். வேண்டாம்னா டிக்கெட்டப் போட்டுட்டு வந்தர்றேன்.”

ஆக, என் ஒரு சொல்லில் பையன் நின்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் இவர் விடவில்லை. யூனிட்டில், சோற்றுத் தட்டில், போகும்போது, வரும்போது, அதே பேச்சு. “பையன் வாழ்க்கையக் கெடுத்தவள்னு பேரு வாங்காத.” அந்தச் சொல் என்னைக் குத்தியது. பிறகு ஒருநாள் சாந்தமாகக் கேட்டார்.

“சாமி சொன்னாக் கேப்பியா?”

“கேப்பனுங்க.”

“அப்பப் பூக் கேட்டர்லாம். நீயே எடு. எம்மேல பழி வேண்டாம்.”

நானும் சூதானமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டேன். பூப் பொட்டலங்களை எங்கள் சொந்தத்தில் ஒருவரும் கட்டக்கூடாது, நீதான் கட்ட வேண்டும். நீ வேதக்காரி. எங்கள் மாரியம்மனிடம் உனக்குப் பக்தியும் இல்லை, பயமும் இல்லை, கேட்க ஒரு வேண்டுதலும் இல்லை. யார் பக்கமும் சாயமாட்டாய் என்று நம்பினேன்.

“நான் கோயிலுக்குள்ள வரலாமா மதினி? பங்குச்சாமிக்குத் தெரிஞ்சா வைவாரு” என்றாய்.

“வெளிய உக்காந்து கட்டிக் குடு புள்ள, போதும்.”

வேப்ப மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நீ கட்டினாய். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குச் செவ்வரளி. வெள்ளை வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. பண்டாரம் வாழையிலை தேடியபோது நீதான் இந்த வெளிர்நீலத் துண்டுகளை நீட்டினாய். “ரெண்டும் ஒரே அளவு, ஒரே கலரு. வித்தியாசமே தெரியாது” என்றாய். செக்கிங்கில் இருந்தவள் அல்லவா, முடிச்சுகூட ஒன்றுபோலவே இருந்தது.

பண்டாரம் பித்தளைத் தட்டில் இரண்டையும் போட்டுக் குலுக்கி, அம்மன் காலடியில் வைத்தார். சுப்பிரமணி கையில் செல்போன். அந்தப் பக்கம் கார்த்தி. அங்கே இன்னும் விடியவில்லையாம். “அம்மா எடுத்துட்டாங்களா சித்தப்பா?” என்ற குரல் கர்ப்பக்கிரகத்துக்குள் கேட்டது. இவர் எனக்கு நேர் எதிரில் கைகட்டி நின்றார். கண் என் கையின் மேலேயே இருந்தது.

“கண்ண மூடிட்டு எடுங்க அம்மிணி” என்றார் பண்டாரம்.

இடது பக்கம் கை போனது. தொட்டேன். ஏதோ தோன்றி வலது பக்கத்துக்கு மாற்றினேன். மூச்சு விடாமல் எடுத்துக் கொடுத்தேன். அவர் முடிச்சை அவிழ்த்தார்.

வெள்ளை.

“தாயே!” என்று இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “செரிங்கம்மா” என்றான் கார்த்தி, போனில். அந்தச் ‘செரி’ இழுத்துக்கொண்டு வந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். தட்டில் இருந்த மற்ற பொட்டலத்தை நோக்கி என் கை தானாகப் போயிற்று. பண்டாரம் தட்டை இழுத்துக்கொண்டார்.

“எடுக்காததப் பிரிக்கப்படாது. பிரிச்சா ஆத்தாளச் சந்தேகப்பட்ட மாதிரி. கெணத்துல போட்ருங்க.”

இவர் அதை வாங்கி வாசலுக்கு வந்து உன் கையில் கொடுத்தார். நீ கிணற்றடிக்குப் போனாய். ஒரு பொட்டலத்தைப் போட அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வந்தபோது வெயில் என்று சொல்லி முகத்தைத் துடைத்தாய்.

வீடு வாங்கியாயிற்று. பிரவுசிங் சென்டரில் போட்டோ பார்க்க உன்னையும் கூட்டிப்போனேன். கருங்கல் சுவர், குறுகலான மரப்படி, ஆணியில் தொங்கும் கரிப்பிடித்த சட்டிகள். செத்துப்போன கிழவியின் கட்டிலைக்கூட எடுக்காமல் அப்படியே விற்றிருந்தார்கள். கட்டிலுக்கு மேல் ஒரு படம்.

“மாதா மதினி! மாதா இருக்க வீடுல்லா, பயப்படாதிய” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கை சில்லென்று இருந்தது. ஏசி என்று நினைத்தேன்.

அந்த வீட்டில் கார்த்தி பால் காய்ச்சிய அன்றைக்கு, “கெழக்கு எதுன்னு தெரியலீங்கம்மா, ஒரே மூட்டமா இருக்குது” என்று போனில் கேட்டான். நான் இங்கே அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு என்னத்தைச் சொல்வேன்? “பொங்குனாச் செரி கண்ணு” என்றேன். அதற்குப் பிறகு நான் கண்ணைத் துடைக்கும்போதெல்லாம் இவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். “நீதான எடுத்தே? உன்ற கைதான?” இந்தக் கை இடது பக்கத்தை விட்டு ஏன் வலது பக்கம் போனது என்று வருடக்கணக்காக அதைத் திட்டினேன். சோறு பிசையும்போது பார்ப்பேன், கோலம் போடும்போது பார்ப்பேன். பிள்ளையை விரட்டிய கை.

கல்யாணம் முடித்து, அந்த ஊர்ப் பெண்ணோடு கார்த்தி லீவில் வந்தான். நான் அரிசிம்பருப்பு சோறு போட, நீ அவன் கொண்டுபோக முறுக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தாய். சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

“பூக் கேட்ட அன்னிக்கு நானு செவப்பு வரும்னுதாங்கம்மா இருந்தேன். பொட்டிகூடக் கட்டி வெச்சிருந்தேன். நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்க, அப்பறம் என்னன்னு நின்னுட்டேன்.”

உன் கையிலிருந்த முறுக்கு நொறுங்கியது. நான் அதை அப்போது கவனித்தேன், காரணம் கேட்கவில்லை. நீ அன்று சாப்பிடாமல் போனாய்.

அதன் பிறகு உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் கைவிரித்து, நீ குடியிருந்த லைன் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். ஒரு மத்தியானம் கஞ்சி கொண்டுவந்தேன். நீ கஞ்சியைப் பார்க்காமல் என் வலது கையைப் பிடித்தாய்.

“மதினி, இந்தக் கைய இனி ஏசாதிய. ரெண்டுலயும் வெள்ளைதான்.”

எனக்குப் புரியவில்லை. நீதான் ஒவ்வொன்றாகச் சொன்னாய். அன்று காலையில் கட்டிங் மேசைப் பக்கம் வந்து இவர் சொன்னாராம்: “சாமி சொன்னாத்தான் அவ கேப்பா. ரெண்டுலயும் வெள்ளையே வெய்யி. உனக்கென்ன, உன்ற சாமியா கோவிச்சுக்கப் போவுது?”

“அண்ணாச்சின்னு கூப்புட்ட வாயி, மாட்டேன்னு சொல்ல வரல மதினி. செவ்வரளிய மடியில முடிஞ்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து பாக்கேன், வாடாமக் கெடந்துச்சு.”

எங்கள் சாமியிடம் உனக்குப் பயமில்லை என்பதற்காகத்தான் நான் உன்னை நம்பினேன். அதே காரணத்துக்காகத்தான் அவரும் உன்னைப் பிடித்தார். நான் எழுந்து வாசல்வரை போய்விட்டேன். செருப்பையும் மாட்டிவிட்டேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். திரும்பி வந்து உட்கார்ந்தேன். “கஞ்சி ஆறுது, குடி புள்ள” என்றேன். நீ போகிற நாள்வரை கஞ்சி கொண்டுவந்தேன். மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை, எனக்கும் வாயால் சொல்லத் தெரியவில்லை. கஞ்சியிலேயே தெரிந்திருக்கும்.

உன்னைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த கொஞ்ச நாளில், இந்தப் பொங்கலுக்கு வர முடியாது என்று கார்த்தி போன் செய்தான். என் கண் கலங்கியதும் இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே ஆரம்பித்தார்.

“நீதான எடுத்தே?”

“எடுக்காத பொட்டலத்துல என்ன பூவுங்க இருந்துச்சு?”

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

“அவ சொன்னாளா?”

“நாங் கேட்டது பூவுங்க.”

“எல்லாம் அவன் நல்லதுக்குத்தான். இங்க வந்து என்னத்தக் கிழிச்சிருப்பான்?”

“அது இருக்கட்டுமுங்க. உங்களுக்கு ஊடு வேணும்னா வாங்கீருக்கலாம். என்னை அடிச்சுப் போட்டுக்கூட வாங்கீருக்கலாம். என்ற கைய எதுக்குங்க கூப்பிட்டீங்க?”

கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு “நீதான எடுத்தே” என்ற பேச்சு இந்த வீட்டில் நின்றுவிட்டது. அவ்வளவுதான் நான் கண்ட நியாயம்.

கார்த்தியிடம் சொல்லவில்லை. அவன் பிள்ளை அந்த மரப்படியில் ஏறி இறங்கப் பழகிவிட்டதாம். இப்போது சொன்னால் அந்த வீட்டில் அவனுக்கு ஒருநாள் தூக்கம் வருமா? அம்மாதான் அனுப்பினாள் என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும். அதைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறேன். இறக்கி வைக்க இடமில்லை. நீ இருந்தால் உன் பாயில் வந்து இறக்கியிருப்பேன்.

உன்னை மன்னித்து விட்டுவிட்டேன். என் கையையும் விட்டுவிட்டேன். பண்டாரத்துக்கு ஒன்றும் தெரியாது. பாப்பாத்தியின் ரசப் பேச்சைக்கூட விட்டுவிடலாம் போலிருக்கிறது. ஒருத்தரை மட்டும் முடியவில்லை. ரேசன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அவர் பேரைக் கேட்டால், பக்கத்தில் நிற்பவர்களைச் சொல்ல வைத்தே இத்தனை காலம் ஓட்டினேன். புருசன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். குறைய வேண்டாம், நன்றாக இருக்கட்டும். மூன்று வேளையும் நான்தான் சோறு போடுவேன், காய்ச்சல் வந்தால் நான்தான் கண் விழிப்பேன். ஆனாலும் நான் மன்னிக்காத ஆளின் பேரை, வாயால் ஒருநாளும் சொல்லாததை, உனக்கு எழுதிவிடுகிறேன்.

நாச்சிமுத்து.