இரண்டு தரம் சீனி போட்ட போத்தல்கள்

மச்சான்,

என் சட்டையில் நீ வீட்டில் போட்ட பியரின் வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு தரம் தோய்த்தாயிற்று. புளித்த மாவும் பழைய பாணும் கலந்தது போன்ற அந்த வாசனை கழுத்துப்பட்டியிலேயே நிற்கிறது. முகர்ந்தால் அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நீ போன நாளிலிருந்து எனக்குள் எதுவும் அசைவதில்லை. கந்தோருக்குப் போகிறேன், உன் வெறும் மேசையைத் தாண்டி நடக்கிறேன், வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறேன்.

போன சனிக்கிழமை காலை உன் மனைவியிடமிருந்து போன் கோல் வந்தது. அவரை நான் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகியவன். "தம்பி, குசினி அலுமாரிக்குள்ள அவர்ட போத்தல் வெடிக்குது. நாலு போயிட்டுது. கிட்டப் போகப் பயமா இருக்கு, ஒருக்கா வாங்கோ" என்றார். கொட்டாஞ்சேனையில் உன் வீட்டுக்கு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அலுமாரியைத் திறந்தேன். அக்கா உன் மழைக் கோட்டையும் தந்தார். நீ பார்த்திருந்தால் ஒரு கிழமைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

அப்படியே திறந்தால் நுரை கூரைக்குப் போகும். மீன் கடையில் ஐஸ் வாங்கி வந்து, போத்தல்களை உடுப்புத் தோய்க்கும் பேசினுக்குள் நிறுத்தி, ஈரச் சாக்கால் மூடி மத்தியானம் வரை வைத்தேன். பிறகு ஒவ்வொரு மூடியின் விளிம்பையும் கொஞ்சமாக நெம்பி, சீறும் வாயுவைப் போகவிட்டு, திரும்பவும் அமத்தினேன். "பொறு, அதுக்கும் மூச்சு விட நேரம் குடு" என்பாய் நீ. பொறுத்துத்தான் செய்தேன்.

அக்கா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அப்போது ஒரு கிழமை.

"அவர் ஒருநாளும் இப்பிடிப் பிழை விடுறேல்லையே. ஏன் தம்பி இப்பிடி?"

"சீனி கூடிப்போச்சு அக்கா. அதான் காஸ் கூடி வெடிக்குது."

"அப்ப போத்தல்ல அடைச்ச அண்டைக்கே அவருக்கு ஏலாமல் இருந்திருக்கு. போட்டதை மறந்து திரும்பப் போட்டிருக்கிறார். நான் பக்கத்து அறைக்குள்ள உடுப்பு மடிச்சுக்கொண்டு இருந்தனான். கவனிக்கேல்லை. அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால்..."

அன்றைக்கு நாங்கள் கோபத்தோடு நின்றது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதற்கு முந்தின ஞாயிறு, வத்தளையில் ஒரு ஞானஸ்நான விருந்தில், "இவன்ட பியரோ? சரியான புளிப்பு, அச்சாறு போட நல்ல சாமான்" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். பகிடிக்குத்தான். எல்லோரும் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் கந்தோரில் என் முகம் பார்க்கவில்லை. நானும் பெரிய ஆள் மாதிரி இருந்துவிட்டேன்.

ஆனால் வாளியில் புளித்து முடிந்த பியருக்கு எங்கள் கோபம் தெரியுமா? சனிக்கிழமை போத்தலில் அடைத்தே ஆக வேண்டும். நான் வந்தேன். கதவைத் திறந்துவிட்டு, மூடிகளை அவிக்க அடுப்படிக்குப் போனாய். நான் வழக்கம்போல ஒவ்வொரு வெறும் போத்தலிலும் ஒரு தேக்கரண்டி சீனி போட்டேன். நீயோ இந்த முறை சீனியைக் காய்ச்சி வாளியிலேயே கலந்துவிட்டிருந்தாய். நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. நீ ஊற்றினாய், நான் மூடி அடித்தேன். கபில நிறப் போத்தலின் அடியில் கிடக்கும் சீனி யார் கண்ணுக்குத் தெரியும்? ஒன்பது நாளில் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

போன சனிக்கிழமை நுரை பிடிக்க அந்த வாளியை எடுத்தபோதுதான் அதன் மூடியில் ஒட்டியிருந்த டேப்பைக் கண்டேன். "சீனி போட்டாச்சு." உன் கையெழுத்து. வாய் திறக்க மாட்டாய், ஆனால் எனக்காக எழுதி ஒட்டுவாய். அந்த மூடியை அன்றைக்கு வாசிக்காமலே சுவரோடு திருப்பிச் சாத்தியவன் நான்.

அக்காவிடம் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் கோபம் அவருக்குத் தெரியாமலே போயிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"அவர் ஒண்டும் மறக்கேல்லை அக்கா. நான்தான் ரெண்டாந்தரம் போட்டனான். நாங்கள் கோவம். கதைக்காமல் நிண்டனாங்கள்."

அக்கா அந்த மூடியை வாங்கிக் கனநேரம் பார்த்தார். "அப்ப அண்டைக்கு அவருக்கு ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லை. நல்லாத்தான் இருந்தவர்."

"சத்தியமாவோ தம்பி?"

"சத்தியமா அக்கா."

அவர் கதிரையில் உட்கார்ந்து மெதுவாக மூச்சு விட்டார். என்னை ஏசவில்லை. எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தார்.

அன்றிலிருந்து அக்கா நித்திரை கொள்கிறாராம். நீ அன்றைக்குச் சுகமாக இருந்தாய் என்பது அவருக்கு ஆறுதல். எனக்கு அதுதான் பாரம், மச்சான். இரண்டு மணித்தியாலம், கை எட்டும் தூரத்தில், ஒரு குறையும் இல்லாமல் நின்றாய். நான் உன்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை.